புதியவருக்குப் புரியும்படி மென்பொருள் ஆவணம் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் பங்களிப்பவர்களும், அலுவலகத்தில் "இந்த டூலை எழுதியது நீதானே, அப்படியே ஒரு ரீட்மீயும் (மென்பொருளோடு வரும் அறிமுகக் குறிப்பு) எழுதிவிடு" என்று சொல்லப்பட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. என் பதில்களுக்கு அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். புதியவர் பெரும்பாலும் கடினமான இடத்தில் மாட்டிக்கொள்வதில்லை, எழுதியவர் "இதையெல்லாமா சொல்ல வேண்டும்" என்று தாண்டிப்போன இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். உதாரணங்களை கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் டூல்), பைத்தான் நிரல்மொழி, லினக்ஸ் டெர்மினல் (கட்டளைகளை அடிக்கும் திரை) ஆகியவற்றிலிருந்து எடுத்திருக்கிறேன், நம்மில் பலர் முதன்முதலில் தடுமாறியது அங்கேதான்.

"புதியவர்" என்று யாரை மனதில் வைத்து எழுதுவது?

ஒரே ஒருவரை. "எல்லோருக்கும் புரிய வேண்டும்" என்று ஆரம்பித்தால் மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், அது நடக்கிற காரியம் இல்லை. உங்கள் மென்பொருளை நாளைக்கு உண்மையில் யார் திறக்கப்போகிறார் என்று யோசியுங்கள். கல்லூரியில் பைத்தானை ஒரு பாடமாகப் படித்த, ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பழக்கமில்லாத இரண்டாம் ஆண்டு மாணவியா? இருபது வருடமாகக் கணக்கு எழுதி, எக்செல் தண்ணீர்பட்ட பாடாக ஆகிவிட்ட, கிட் என்ற பெயரையே கேட்டிராத ஒருவரா? இருவரும் புதியவர்கள்தான், ஆனால் இருவருக்கும் தெரியாதவை வேறு வேறு.

யாரென்று முடிவு செய்தபின் அதை ஆவணத்தின் தலையிலேயே எழுதிவிடுங்கள்: "விண்டோஸ் 10 அல்லது 11 வேண்டும், பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், டெர்மினலில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் முதலில் இந்தப் பக்கத்தைப் படியுங்கள்." இந்த மூன்று வரி இல்லாததால் பாதி வழி வந்தபிறகு "உன்னிடம் இருக்கும் பதிப்பு பழையது" என்று திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். அப்புறம் ஏன் நான் எழுதினால் மற்றவர்களுக்குப் புரியவில்லை?

நன்றாகத் தெரிந்திருப்பதுதான் காரணம். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள், பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவருக்கு உள்ளுக்குள் மெட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, அது எதிராளிக்குக் கேட்காது என்பதை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை.

"ரெப்போவை குளோன் செய்து, டிபெண்டன்சிகளை இன்ஸ்டால் செய்து, சர்வரை ஸ்டார்ட் செய்யவும்" என்று எழுதும்போது நமக்குள் ஓடுவதும் அந்த மெட்டுதான். (ரெப்போ என்பது திட்டத்தின் நிரல் இருக்கும் இடம், குளோன் அதை நகலெடுப்பது, டிபெண்டன்சி அது இயங்கத் தேவையான பிற மென்பொருள்.) குளோன் என்றால் எந்த ஃபோல்டருக்குள், இன்ஸ்டால் என்றால் எந்தக் கட்டளை, ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று எப்படித் தெரியும், எல்லாம் நமக்குத் தெரியும். கவனமாக இருந்தால் மட்டும் இது சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. வெளியிலிருந்து ஒரு ஜோடிக் கண் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

டெர்மினல் கட்டளைகளை எழுதும்போது புதியவர்கள் எங்கெல்லாம் விழுகிறார்கள்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவை ஒவ்வொன்றும் எழுதுகிறவர் கண்ணுக்கே தெரியாத விஷயங்கள்.

முதலில் டாலர் குறி. பல ஆவணங்களில் கட்டளைக்கு முன்னால் ஒரு $ இருக்கும். "இது சாதாரணப் பயனராக அடிக்க வேண்டிய கட்டளை" என்பதற்கான அடையாளம் அது, டெர்மினல் தானே காட்டுவது. புதியவர் அதையும் சேர்த்து காப்பி செய்து ஒட்டுவார், "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று பதில் வரும், மென்பொருளே இன்ஸ்டால் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்வார். காப்பி செய்ய வேண்டியதில் டாலர் குறி வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அடுத்து கோண அடைப்பு. "இங்கே உங்கள் பெயரைப் போடுங்கள்" என்பதற்காக < > போட்டு எழுதுவது நம் வழக்கம். நாம் அடிக்கும் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் லினக்ஸ் ஷெல்லுக்கோ அந்த முதல் குறிக்கு "ஒரு ஃபைலிலிருந்து உள்ளீட்டை எடு" என்று அர்த்தம். அடைப்பை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் அப்படியே அடித்தவருக்கு வரும் எரர், அவர் செய்த தவறைப் பற்றி எதுவும் சொல்லாது. மாற்ற வேண்டிய இடத்தில் உண்மையான ஒரு மாதிரிப் பெயரையே போட்டுவிட்டு, கீழே "இதில் மலர் என்ற இடத்தில் உங்கள் பெயரை அடியுங்கள்" என்று ஒரு வரி எழுதுவது மேல்.

பாஸ்வேர்ட் கேட்கும் இடம் இன்னொன்று. நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் சூடோ கட்டளை கொடுத்ததும் பாஸ்வேர்ட் கேட்கும், அடிப்போம், வழக்கமாக திரையில் ஒரு புள்ளிகூட வராது. பல வருடப் பழக்கம் உள்ளவருக்கு இது இயல்பு. முதல் தடவை பார்ப்பவர் கீபோர்டு வேலை செய்யவில்லை என்றுதான் நினைப்பார். "அடிக்கும்போது எதுவும் தெரியாது, அடித்துவிட்டு என்டர் அழுத்துங்கள்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கமிட் கட்டளையை, என்ன மாற்றினோம் என்ற செய்தியைச் சேர்க்காமல் கொடுத்தால் திடீரென்று ஒரு எடிட்டர் திறக்கும், பல கணினிகளில் அது விம். அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் டெர்மினலையே மூடிவிடுகிறவர்கள் நிறைய. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியை 10 லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே 2017இல் எழுதியது. ஆகவே உங்கள் ஆவணத்தில் கமிட் வந்தால், செய்தியையும் அதே கட்டளைக்குள் கொடுக்கும் வடிவத்தைக் காட்டுங்கள்.

மேற்கோள் குறிகளும் படுத்தும். வேர்ட் போன்ற மென்பொருளில் எழுதி ஒட்டினால் நேரான மேற்கோள் குறி வளைந்ததாக மாறிவிடும், இரண்டு சிறு கோடுகள் சேர்ந்து ஒரே நீளக் கோடாகிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, டெர்மினலுக்குத் தெரியும். கட்டளைகளைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் பிறகு என்ன வரும் என்று காட்ட வேண்டுமா? ஆவணம் நீண்டுவிடுமே?

கட்டாயம் காட்ட வேண்டும். நீளட்டும். ஒரு கட்டளை சரியாக நடந்ததா இல்லையா என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகிறவர், மூன்றாவது படியில் நடந்த தவறை ஏழாவது படியில் தேடிக்கொண்டிருப்பார். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் வழிவந்த பல கட்டளைகள் வேலையைச் சரியாக முடித்தால் எதுவும் சொல்லாது. தெரிந்தவருக்கு அந்த அமைதி நல்ல செய்தி, புதியவருக்கோ ஒன்றுமே நடக்கவில்லை என்பதற்கு அடையாளம். "எதுவும் வராமல் அடுத்த வரி வந்தால் சரியாக முடிந்தது என்று அர்த்தம்" என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்து நிமிடம் ஓடும் படி என்றால் அதையும் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதலாமா?

சின்ன டூல் என்றால் எழுதலாம். கொஞ்சம் வளர்ந்துவிட்டால் பிரித்துத்தான் ஆக வேண்டும், எப்படிப் பிரிப்பது என்பதற்கு டேனியேல் புரோசிடா முன்வைத்த டயாடாக்சிஸ் என்ற முறை எனக்குப் பிடித்தது. பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவின் சமூகத்தில் இயங்கியவர் அவர்; உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனமும் இந்த முறையை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆவணங்களில் நான்கு வகை உண்டு என்கிறார்: கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி, ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்கும் வழிமுறை, தேடிப் பார்க்கும் குறிப்பேடு, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். இந்த நான்கையும் ஒன்றாகக் கலக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

முதல் பயிற்சியில் ஒருவர் மூன்றாவது படியில் நிற்கிறார், அங்கே "இதற்குப் பதினொரு ஆப்ஷன்கள் உண்டு" என்று ஒரு பட்டியல் வந்தால் அவருக்கு அதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாது, தெரிய வேண்டிய நேரமும் அது இல்லை. பயிற்சியில் ஒரே பாதைதான் இருக்க வேண்டும். தேர்வுகளை எல்லாம் குறிப்பேட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

குறிப்பேட்டுக்கு நல்ல உதாரணம் யூனிக்ஸின் மேன் பக்கங்கள், அதாவது கட்டளைகளுக்கான கையேட்டுப் பக்கங்கள். அவற்றின் முதல் தொகுப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டு வந்தது. பெயர், எப்படி அடிப்பது, என்ன செய்யும் என்று எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அமைப்பு. அதில் "பக்ஸ்" என்றே ஒரு பகுதி வைத்து, எது சரியாக வேலை செய்யாது என்பதையும் எழுதினார்கள். அந்த நேர்மை எல்லா ஆவணத்துக்கும் வேண்டும் என்பேன். ஆனால் டெர்மினலை இன்றைக்குத்தான் முதலில் திறந்தவரிடம் "மேன் பக்கத்தைப் படி" என்பது உதவி ஆகாது, ஏற்கெனவே தெரிந்தவர் சரிபார்த்துக்கொள்வதற்காக எழுதப்பட்டவை அவை.

"இது ரொம்ப ஈசி", "சும்மா இதை ரன் பண்ணினால் போதும்" என்று எழுதினால் தைரியம் வருமல்லவா?

வராது. செய்து பார்த்து வரவில்லை என்றால், ஈசியானதே தனக்கு வரவில்லையே என்றுதான் படிப்பவர் நினைப்பார். "எளிதாக", "வெறுமனே", "எல்லோருக்கும் தெரிந்ததுபோல்" போன்றவற்றை எழுதி முடித்தபின் தேடி நீக்கிவிடுங்கள். நீக்கியபிறகு வாக்கியத்தில் எதுவும் குறையாது.

தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

இரண்டு விஷயங்கள். தமிழில் "செய்து, போய், திறந்து, மாற்றி, சேமிக்கவும்" என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போக முடியும், கதை சொல்ல அது அழகு. செய்முறையில் அது ஆபத்து. "ஜிப் ஃபைலை டவுன்லோட் செய்து, பிரித்து, அந்த ஃபோல்டருக்குள் போய், கான்ஃபிக் ஃபைலை மாற்றி, இன்ஸ்டாலரை ஓட்டவும்" என்பது ஒரு வாக்கியம், ஐந்து வேலைகள். இரண்டாவதில் தடுக்கினால் எங்கே தடுக்கியது என்று அவரால் கேட்கக்கூட முடியாது. ஒரு வேலைக்கு ஒரு வாக்கியம், அதற்கு ஒரு எண்.

இரண்டாவது, "படும்". "கான்ஃபிக் ஃபைல் உருவாக்கப்பட வேண்டும்", "ஃபைல் நகலெடுக்கப்படும்" என்றெல்லாம் எழுதினால் அதைச் செய்வது மென்பொருளா, படிப்பவரா என்று தெரியாது. நான் சும்மா இருந்தால் தானே நகலெடுக்குமா? "நீங்கள் ஃபைலை நகலெடுங்கள்" அல்லது "மென்பொருளே ஃபைலை நகலெடுத்துவிடும்" என்று ஆளைச் சொல்லுங்கள்.

கலைச்சொல் விஷயத்தில் என் வழி: திரையில் பட்டன் எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரையே எழுதுங்கள். திரையில் "சேவ்" என்று இருக்கும்போது ஆவணத்தில் "சேமி" என்று இருந்தால் தேடிக்கொண்டிருப்பார். விளக்கப் பகுதியில் நல்ல தமிழ்ச் சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று கடைசிவரை மாற்றாமல் இருந்தால் போதும். ஒரு பத்தியில் கோப்புறை, அடுத்ததில் ஃபோல்டர், அதற்கடுத்ததில் டைரக்டரி என்று வந்தால் மூன்றும் வேறு வேறு என்று நினைப்பதில் தவறே இல்லை.

வாக்கியம் எவ்வளவு நீளம் இருக்கலாம்? எச்சரிக்கையை எங்கே வைப்பது?

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக ஐரோப்பிய விமானத் துறையினர் 1980களில் ஓர் எளிய ஆங்கில முறையை வகுத்தார்கள். ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்பது அதன் இன்றைய பெயர். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, விவரிக்கும் வாக்கியம் 25 சொல்லைத் தாண்டக்கூடாது என்பது அதன் விதி. தமிழில் விகுதிகள் ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லே இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களின் வேலையைச் செய்வதால் நமக்கு இன்னும் குறைவாகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எச்சரிக்கை எப்போதும் கட்டளைக்கு முன்னால். படித்துக்கொண்டே அடிப்பவர்கள்தான் அதிகம், "மேலே உள்ள கட்டளை உங்கள் டேட்டாபேஸ் முழுவதையும் அழித்துவிடும், ஆகவே முதலில் பேக்கப் எடுங்கள்" என்று அடுத்த வரியில் எழுதினால் அதைப் படிக்கும்போது அழிந்திருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் போடுவது நல்லதா?

எந்த பட்டன், எந்த மூலை என்று காட்ட நல்லது. கட்டளையையும் எரர் செய்தியையும் படமாகப் போடாதீர்கள். காப்பி செய்ய முடியாது, தேடினால் கிடைக்காது, திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு அங்கே எதுவுமே இல்லை. மென்பொருளின் தோற்றம் மாறும்போதெல்லாம் படங்களை மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படத்திலோ உதாரணத்திலோ உண்மையான பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (ஒரு சேவையை மென்பொருள் அணுகுவதற்கான ரகசியக் குறியீடு), வாடிக்கையாளர் பெயர் வந்துவிடக்கூடாது. மாதிரி முகவரி வேண்டுமென்றால் எக்ஸாம்பிள் டாட் காம் என்ற பெயரை 1999இலிருந்தே இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், ஐபி முகவரிக்கு 192.0.2 என்று தொடங்குபவை இருக்கின்றன. நீங்களாக ஒரு தளப் பெயரைக் கற்பனை செய்து எழுதினால் அது யாருடையதாகவோ இருக்கலாம்.

எரர் வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டுமா?

ஆவணத்தில் அதிகம் தேடப்படப்போவது அதுதான். எரர் செய்தியை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள், மக்கள் அதைத்தான் காப்பி செய்து தேடுவார்கள். உதாரணத்துக்கு, 2023இல் வந்த டெபியன் 12 லினக்ஸில், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கொண்டு நேரடியாக ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்யப் பார்த்தால், "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று பொருள்படும் எரர் வரும். இயங்குதளத்தின் சொந்த பைத்தானைக் கெடுத்துவிடாமல் இருக்கத்தான் அந்தத் தடை, தீர்வு ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (திட்டத்துக்கென்று தனி பைத்தான் சூழல்) உருவாக்கிக்கொள்வது. இந்த இரண்டு வரியும் உங்கள் ஆவணத்தில் இல்லையென்றால், தடையை மீறும் ஆப்ஷனை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிடுவார்கள்.

எழுதிய ஆவணம் பழசாகிவிடுகிறதே?

ஆகும். நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புதிய ரெப்போக்களின் முதன்மைக் கிளை 2020 அக்டோபரிலிருந்து மாஸ்டர் என்பதற்குப் பதில் மெயின் என்றானது; பழைய ஆவணத்தைப் பார்த்து மாஸ்டருக்கு புஷ் செய்தவர்களுக்கு (தங்கள் மாற்றங்களை அனுப்பியவர்களுக்கு) எரர். 2021 ஆகஸ்ட் 13இலிருந்து கிட் வேலைகளுக்குக் கணக்கின் பாஸ்வேர்டை ஏற்பதையும் நிறுத்தினார்கள். "பாஸ்வேர்ட் கேட்கும், கொடுங்கள்" என்று எழுதியிருந்த ஆவணங்கள் எல்லாம் ஒரே நாளில் தவறாகிவிட்டன. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தும், அதில் மட்டும் செல்லுபடியான அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட் இன்னும் பல பாடங்களில் அப்படியே கிடக்கிறது.

எந்தப் பதிப்பில், எந்த மாதம் சோதித்தது என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுங்கள். உதாரண நிரல்களை இயந்திரமே ஓட்டிப் பார்க்கும்படி செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. பைத்தானில் டாக்டெஸ்ட் இருக்கிறது, ரஸ்ட் மொழியில் ஆவணக் குறிப்புகளுக்குள் இருக்கும் உதாரணங்களை கார்கோ டெஸ்ட் தானே ஓட்டிவிடும். ஆவணத்தை நிரல் இருக்கும் அதே ரெப்போவில் வைத்து, நிரலை மாற்றும் அதே கமிட்டில் ஆவணத்தையும் மாற்ற வேண்டும் என்று குழுவில் ஒரு விதி வையுங்கள்.

புரிகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மேலே சொன்ன அந்த ஒருவரைப் பிடியுங்கள். ஆவணத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். இது சொல்வதைவிடக் கஷ்டம், அவர் தவறான ஃபோல்டரில் நிற்பது தெரியும், நாக்கு துறுதுறுக்கும். சொல்லிவிட்டால் அந்த இடத்தை ஆவணத்தில் சரி செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே மறந்துபோகும். அவர் எங்கே நிற்கிறார், எங்கே மேலே போய்த் திரும்பப் படிக்கிறார், எதை கூகுளில் தேடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டுப் பயனில்லை, மரியாதைக்காகவாவது புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

ஆள் கிடைக்காவிட்டால், எதுவும் இன்ஸ்டால் செய்யாத ஒரு புது வெர்ச்சுவல் மெஷினில் (உங்கள் கணினிக்குள் தனியாக இயங்கும் இன்னொரு கணினிபோல) நீங்களே ஆவணத்தில் இருப்பதை மட்டும் காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள். உங்கள் கணினியில் எப்போதோ போட்டுவைத்து மறந்துபோனவை எல்லாம் அப்போது வெளியே வரும்.

சாட்ஜிபிடி போன்றவற்றை எழுதச் சொன்னால் என்ன?

முதல் வரைவுக்கும், நீண்ட வாக்கியங்களை உடைப்பதற்கும் உதவும். ஆனால் உங்கள் மென்பொருளில் இல்லாத ஆப்ஷனை இருப்பதுபோல் எழுதிவிடும், அதுவும் தயக்கமே இல்லாமல். அது தந்த ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டிப் பார்த்து, உண்மையில் திரையில் வந்ததை ஒட்டிய பிறகே வெளியிடுங்கள். தவறான ஆவணத்தை எதிர்கொள்ளும் புதியவர் ஆவணத்தைச் சந்தேகிக்க மாட்டார், தன்னைத்தான் சந்தேகிப்பார்.

நானே புதியவன். நான் எழுதலாமா?

இன்ஸ்டால் செய்யும் பக்கத்தை உங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர் அந்தத் திட்டத்திலேயே இல்லை. எங்கே தடுக்கியது என்பது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது, சில வாரம் போனால் உங்களுக்கும் மறந்துவிடும். ஆகவே இன்ஸ்டால் செய்யும்போதே ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடித்த கட்டளை, வந்த எரர், கடைசியில் எது சரி செய்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். 2013இல் போர்ட்லாந்தில் தொடங்கிய ரைட் தி டாக்ஸ் என்ற ஒரு சமூகம் ஆவணம் எழுதுபவர்களுக்காகவே இருக்கிறது, அவர்கள் தளத்தில் தொடக்க வழிகாட்டி உண்டு.

திட்டத்துக்கு அனுப்பும்போது முழு ஆவணத்தையும் மாற்றி எழுதி அனுப்பாதீர்கள். நீங்கள் தடுக்கிய ஒரே ஒரு படியைத் திருத்துங்கள், எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில், என்ன எரர் வந்தது என்று கூடவே எழுதுங்கள். பராமரிப்பவர் தன் கணினியில் அதைச் செய்து பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ள முடியும், நாற்பது பக்கத் திருத்தம் என்றால் அதைப் படித்துப் பார்க்கவே நேரம் கிடைக்காமல் அப்படியே கிடக்கும்.